கந்தக வாயு குறைந்தால் எரிமலை அடங்கிவிட்டதா?

கந்தக டை ஆக்சைடு பத்தில் ஒரு பங்காகிவிட்டது, அதிர்வு மட்டும் நிற்கவில்லை, ஆபத்து நீங்கியதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி முடிவுகட்டாதீர்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலையில் மே 28 அன்று நாளுக்கு 5,000 டன்னைத் தாண்டிய வாயு, ஜூன் 5க்குள் 300 டன்னுக்கும் கீழே இறங்கியது. ஜூன் 15இல் மலை உச்சியே சிதறியது. பாறைக்குழம்பு வரும் வழி அடைபட்டால் வாயு உள்ளேயே தேங்கும். நிலத்தடி நீரும் அதைக் கரைத்து மறைத்துவிடும்.

முதலில் காற்றின் வேகத்தைச் சரிபாருங்கள். புகையில் அளந்த வாயுவை அந்த வேகத்தால் பெருக்கித்தான் நாளுக்கு எத்தனை டன் என்ற அளவு வருகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து எடுத்தால் வாயு அளவும் பாதியாகத்தான் தெரியும். பிறகு அதிர்வுப் பதிவு. பாறை முறிந்தால் கோடு சட்டென்று கூர்மையாக எகிறும். திரவமோ வாயுவோ அசைந்தால் மெதுவாகத் தொடங்கி, நொடிக்கு 1 முதல் 5 அலைவுகளாக இழுத்துக்கொண்டே போகும். இந்த இரண்டாம் வகை கூடி, நிலத்தின் சாய்வை அளக்கும் சாய்வுமானியும் மலையின் வீக்கத்தைக் காட்டினால் எச்சரிக்கையைத் தளர்த்தவே கூடாது.