கழுத்தில் ஒரு பட்டாம்பூச்சி: போ டை கேள்வி-பதில்

காலை 10.30-க்கு ஆலயத்தில் திருமணம், மாலை 7 மணிக்கு வரவேற்பு. ஒரே கறுப்பு கோட், கறுப்பு போ டை இரண்டுக்கும் போதுமா? (நாகர்கோவில்)

கறுப்பு டக்ஸீடோவும் கறுப்பு போ டையும் பிறப்பால் மாலை உடை. அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த டக்ஸீடோ பார்க் என்ற ஊரின் பெயர்தான் அந்தக் கோட்டுக்கு ஒட்டிக்கொண்டது. அங்கும் இரவு விருந்துக்கான உடையாகத்தான் அது வந்தது. பிரிட்டனில் பகல் கல்யாணத்துக்கு வால் நீண்ட மார்னிங் கோட் போடுவார்கள், கழுத்தில் நீள டை அல்லது கிராவட் (கழுத்தைச் சுற்றிக் கட்டும் அகலத் துணி) இருக்கும்.

நம் ஊர் ஆலயங்களில் இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் காலை வெயிலில் எடுக்கும் படங்களில் பளபளக்கும் சாட்டின் வெள்ளையடித்ததுபோல் தெரியும். அதனால் மார்புப் பட்டையில் (லேப்பல்) சாட்டின் வைக்காமல், ஒரே துணியில் கருநீல கோட்டாகத் தைத்துவிடுங்கள். காலையில் பளபளப்பில்லாத நெசவில் மெரூன் அல்லது சாம்பல் போ டை, மாலையில் கறுப்புப் பட்டு. ஒரு கோட், இரண்டு டை, செலவும் குறைவு.

இன்னொன்று, பூமாலை. ரோஜா மாலையைப் பூக்காரர் தண்ணீர் தெளித்தே கொண்டுவருவார். ஈரம் பட்டில் இறங்கினால் வட்டமாகக் கறை நிற்கும். சிவப்பு இதழ் நசுங்கினால் சாயமும் ஏறும். மாலையை நன்றாக உதறி, கழுத்துப் பக்கம் வரும் பகுதியைத் துணியால் ஒற்றிய பிறகே போடச் சொல்லுங்கள். கழற்றியதும் முதல் வேலை, டையின் நசுங்கிய இறக்கைகளை விரலால் நீவி எடுப்பது. அதற்கு முன் குடும்பப் படம் வேண்டாம்.

அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்ல கறுப்பு டை இருக்கிறது. அதைக் கட்டிப் போகலாமா? (டொராண்டோ)

கூடாது. நீள டையில் கறுப்பு என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது இறுதிச் சடங்கு. 'பிளாக் டை' என்பது டையின் நிறத்தை மட்டும் சொல்வதில்லை, முழு உடைக்குமான பெயர் அது: கறுப்பு அல்லது நள்ளிரவு நீல டின்னர் கோட் (டக்ஸீடோதான்), மார்புப் பட்டையில் பட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு போ டை, பளபளவென்று பாலீஷ் போட்ட கறுப்பு லேஸ் ஷூ. பெல்ட் கிடையாது. இடுப்பில் தாழ வெட்டிய வெயிஸ்ட்கோட் (கோட்டுக்குள் போடும் கையில்லாத மேல்சட்டை) அல்லது கம்மர்பண்ட். இந்தக் கம்மர்பண்ட் பாரசீகக் 'கமர்பந்த்'தான். இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கிருந்து எடுத்துப்போன இடைக்கச்சை. மடிப்புகளின் வாய் மேல்நோக்கி இருக்க வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகக் கட்டுகிறார்கள்.

போ டையின் துணி கோட்டின் மார்புப் பட்டைக்கு ஒத்திருக்க வேண்டும். பட்டையில் வழவழப்பான சாட்டின் என்றால் டையும் சாட்டின். பட்டையில் மெல்லிய வரி ஓடும் மங்கலான பட்டு என்றால் டையும் அதே ஜாதி. இரண்டும் மாறினால் என்ன தவறு என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் கண்ணில் இடறும்.

'பிளாக் டை ஆப்ஷனல்' என்று இருந்தால் அடர்நிற சூட்டும் நீள டையும் போதும். 'ஒயிட் டை' என்றால் கதையே வேறு: வால் கோட், வெள்ளைப் பருத்தி வெயிஸ்ட்கோட், நுனி மடிந்த விங் காலர், பொடி வைரக்கட்டம் போட்ட வெள்ளைப் பருத்தியில் போ டை. அந்த வெள்ளை டையை டின்னர் கோட்டோடு கட்டக் கூடாது.

கறுப்பு போ டை கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் ஓட்டல் சிப்பந்தி மாதிரி இருக்கிறேன். ஏன்? (கோயம்புத்தூர்)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. குற்றம் போ டையின் மேல் இல்லை, அளவின் மேல். சீருடைக்கு வாங்கும் டை எல்லார் கழுத்துக்கும் ஒரே அளவில், சிறியதாக, மெல்லிய பாலியஸ்டரில் வரும். நடு முடிச்சு சதுரமாக, தட்டையாக, தைத்து ஒட்டியதுபோல் இருக்கும். அதைச் சாதாரண அலுவலகச் சட்டையில் மாட்டி, கீழே வெள்ளைப் பொத்தான் வரிசை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், யாராவது உங்களிடம் தண்ணீர் கேட்பார்கள்.

மூன்று மாற்றங்கள் போதும். அகலத்தை உங்கள் முகத்துக்கு ஏற்றதாக்குங்கள் (அடுத்த பதிலில் கணக்கு இருக்கிறது). சட்டையில் பொத்தான் தெரியாத மூடுபட்டி வைக்கச் சொல்லுங்கள், அல்லது பொத்தானுக்குப் பதில் கறுப்பு ஸ்டட் (கழற்றி மாட்டும் குமிழ்) மாட்டும் மடிப்பு வைத்த மார்புச் சட்டை தையுங்கள். விருந்து முடியும்வரை கோட்டைக் கழற்றாதீர்கள். வெறும் வெயிஸ்ட்கோட்டும் போ டையும்தான் அந்தத் தோற்றத்தின் முழு வடிவம்.

ஒல்லி முகம், நீளக் கழுத்து. எந்த அளவு, எந்த வடிவம்? (யாழ்ப்பாணம்)

முகத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டு அளவு வேண்டும். ஒரு கண்ணின் வெளி ஓரத்திலிருந்து மறு கண்ணின் வெளி ஓரம்வரை ஒன்று. பெரும்பாலோருக்கு 9 முதல் 10 செ.மீ. வரும். முகத்தின் அகன்ற இடம், கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு இன்னொன்று. 13, 14 செ.மீ. கட்டிய போ டையின் மொத்த அகலம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். அதனால்தான் 11 முதல் 12 செ.மீ. டை பலருக்குப் பொருந்துகிறது. முதல் அளவுக்குக் கீழே போனால் தலை பெரிதாகத் தெரியும். இரண்டாவதைத் தாண்டினால் சர்க்கஸ்.

உயரம் வடிவத்தைப் பொறுத்தது. முழுப் பட்டாம்பூச்சி இறக்கை ஓரத்தில் 6.5 செ.மீ. அளவுக்கு விரியும், அகன்ற முகம், தடித்த கழுத்து, அகலமான மார்புப் பட்டை உள்ளவருக்கு நல்லது. அரைப் பட்டாம்பூச்சி 5.5 செ.மீ. சுற்றில் இருக்கும்; எது என்று முடிவு செய்ய முடியாதவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். பேட்விங் என்னும் நேர்ப்பட்டை 4 முதல் 5 செ.மீ.; ஒடுங்கிய கோட்டுக்கும் சின்ன முகத்துக்கும் அழகு. நுனி கூராக வரும் டைமண்ட் வடிவமும் உண்டு. அது கட்டும்போது கொஞ்சம் கோணலாக விழும் குணம் கொண்டது, விளையாட்டான தோற்றம் தரும். ஆலயத்தைவிட வரவேற்புக்கு ஏற்றது.

உங்களுக்கு அரைப் பட்டாம்பூச்சி. அகலம் 11 செ.மீ.யை ஒட்டி வையுங்கள். நேர்ப்பட்டை வேண்டாம், நீளக் கழுத்தில் அது சின்னக் குச்சியாகத் தெரியும். அதைவிட முக்கியம் காலர். பின்பக்கம் உயரமாக நிற்கும் காலராகத் தையற்காரரிடம் கேளுங்கள். கழுத்தின் பாதி நீளம் அதிலேயே மறைந்துவிடும். காலர் நுனியில் பொத்தான் வைத்த சட்டை போ டைக்கு ஆகாது.

கொக்கி மாட்டுவதா, கையால் கட்டுவதா? கையால் கட்டக் கற்க முடியுமா? (சென்னை)

ஷூ லேஸ் கட்டத் தெரிந்த எவருக்கும் போ டை கட்டத் தெரியும். முடிச்சு அதேதான். கழுத்துக்குக் கீழே, கண்ணாடியில் பார்த்துக் கட்டுவதால்தான் கை தடுமாறுகிறது. முதலில் தொடையைச் சுற்றி, முழங்காலுக்கு மேலே கட்டிப் பழகுங்கள். நேராகக் கண்ணால் பார்க்கலாம், கை வலிக்காது. அங்கே பத்து முறை வந்துவிட்டால் கழுத்துக்கு ஏறலாம்.

கழுத்துப் பட்டியில் எண் போட்ட சறுக்குக் கொக்கி இருக்கும். சட்டைக் காலர் 15½ என்றால் அதையும் 15½-இல் வையுங்கள். காலரை நிமிர்த்தி, டையைப் போட்டு, ஒரு பக்கம் 4 செ.மீ. கூடுதலாகத் தொங்க விடுங்கள். நீளப் பக்கத்தைக் குட்டைப் பக்கத்தின் மேலே போட்டு, அடியில் நுழைத்து, கழுத்தை ஒட்டி மேலே இழுங்கள். இது முதல் முடிச்சு. குட்டைப் பக்கத்தை அகன்ற இடத்தில் மடித்துக் கிடைமட்டமாகப் பிடித்தால் பட்டாம்பூச்சி உருவம் இப்போதே தெரியும். நீளப் பக்கத்தை அதன் நடுவில் முன்பக்கமாகத் தொங்க விடுங்கள். பிறகு அந்த நீளப் பக்கத்தையும் மடித்து, மடிப்பு முனையைப் பின்னால் இருக்கும் சந்துக்குள் விரலால் தள்ளுங்கள். எல்லாரும் சிக்குவது இந்த இடத்தில்தான்: சந்து முன் இறக்கைக்கும் முதல் முடிச்சுக்கும் நடுவில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. முன் இறக்கையின் இரு பக்கத்தையும் முன்னோக்கிச் சேர்த்துப் பிடித்தால் அது வாய் திறக்கும்.

இறுக்க மடிப்புகளை இழுங்கள். தளர்த்த ஒற்றை நுனிகளை இழுங்கள். மாற்றி இழுத்தால் அத்தனையும் அவிழ்ந்துவிடும். சரியாகக் கட்டிய டையில் ஒரு பக்கம் மடிப்பு முன்னால், நுனி பின்னால் இருக்கும், மறுபக்கம் நேர்மாறு. இறக்கைகள் பெரிதாகித் தொங்கினால் முடிச்சில் தப்பில்லை, கொக்கியை அரை அங்குலம் குறையுங்கள்.

சற்றே ஏறுமாறாக இருந்தால் விட்டுவிடுங்கள். கையால் கட்டியதன் அடையாளமே அதுதான். அளவெடுத்ததுபோல் இரு பக்கமும் ஒன்றாக இருப்பது ஆயத்த டை. துணி மட்டும் பட்டாக இருக்கட்டும். பாலியஸ்டர் சாட்டின் வழுக்கும், அரை மணிக்கு ஒருமுறை தளரும்.

முகூர்த்தத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, கை வரவில்லை என்றால் கொக்கி வைத்த ஆயத்த டையே மேல். ஆனால் காலரில் குத்தும் கிளிப் வகை பெரியவர்களுக்கு வேண்டாம். அது பட்டியில்லாமல் காலரைப் பிடித்துத் தொங்குவதால் சட்டை அசையும்போதெல்லாம் முன்னால் கவிழும்.

மணமகளின் புடவை நிறத்திலேயே தோழர்கள் ஐந்து பேருக்கு போ டை தைக்க வேண்டும். எவ்வளவு துணி? (திருநெல்வேலி)

110 செ.மீ. அகலத் துணியில் அரை மீட்டர். ஆயத்த டை ஒன்றுக்கு வெட்ட வேண்டியவை: இறக்கைக்கு 26 × 14 செ.மீ., கழுத்துப் பட்டிக்கு 52 × 6 செ.மீ., நடு முடிச்சுக்கு 7 × 8 செ.மீ. தையலுக்கு விடும் துணியும் இதில் அடக்கம். முடிந்த டை 12 × 6 செ.மீ. வரும். இறக்கைத் துண்டை அகலவாட்டில் வெட்டினால் ஒரு வரிசையில் நான்கு; ஐந்தாவதும் முடிச்சுத் துண்டுகளும் இரண்டாவது வரிசையில். பட்டி வரிசைக்கு இரண்டு வீதம் மூன்று வரிசை. மொத்தம் 46 செ.மீ. கத்தரி கோணினால் தாங்காது, பழக்கமில்லாதவர் முக்கால் மீட்டர் வாங்குவது நல்லது. கழுத்து 16 அங்குலத்துக்கு மேல் உள்ள தோழருக்குப் பட்டியின் நீளத்தைக் கூட்டுங்கள்.

காஞ்சிபுரம் ஜரிகைக் கரையில் தைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முடிச்சுக்கு மட்டும் வேண்டுமானால் வைக்கலாம். இறக்கையில் வைத்தால் ஜரிகை விறைத்துக்கொண்டு மடிப்பு விழாது, கழுத்தை அறுக்கும், இழையும் பிரியும். புடவையின் உடல் நிறத்தில் சாதாப் பட்டு எடுத்து, உள்ளே மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி) ஒட்டித் தைப்பதே சரி. தடித்த கேன்வாஸ் வைத்தால் அட்டை மாதிரி நிற்கும்.

நிறத்தை அச்சொட்டாகப் பிடிக்க முயலாதீர்கள். கடை விளக்கில் ஒத்திருப்பது மண்டப விளக்கில் விலகும். விலகியது பிசகாகத் தெரியும். ஒரு படி அடர்த்தியாக எடுத்தால் வேண்டுமென்றே எடுத்ததுபோல் இருக்கும். மாப்பிள்ளைக்கு வேறு டை. சட்டைப்பையில் வைக்கும் கைக்குட்டை அதே துணியில் வேண்டாம், வெள்ளையே போதும்.

தாடி இருக்கிறது. போ டை மறைந்துவிடுமா? (சிங்கப்பூர்)

தாடி காலர் பொத்தானைத் தாண்டினால் மறையும். நீள டை கட்டுங்கள். இல்லையென்றால் கழுத்துப் பக்கத்தை முதல்நாளே ஒதுக்கி, அரைப் பட்டாம்பூச்சி.

பந்த்கலா கோட்டுக்கு போ டை? (மதுரை)

கழுத்துவரை மூடிய கோட்டில் எதை எங்கே கட்டுவது? வேண்டாம்.

அரை மணியில் டை ஒரு பக்கமாகச் சுற்றிக்கொள்கிறது. குண்டூசி குத்தலாமா? (திருச்சி)

குத்தினால் பட்டில் ஓட்டை நிற்கும். சுற்றுவதற்குக் காரணம் கழுத்துப் பட்டி தளர்வு, அல்லது காலரே பெரிது. மேல் பொத்தான் போட்ட பிறகு காலருக்குள் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழையலாம், மூன்று கூடாது. காலர் சரியென்றால் பட்டியைக் கால் அங்குலம் குறையுங்கள். வியர்க்கும் என்று மேல் பொத்தானைத் திறந்துவிட்டு டையால் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது டையைத் தாங்க எதுவும் இல்லாமல் அது கீழிறங்கி, நடுவில் கழுத்து தெரியும்.

மோதிரம் கொண்டுவரும் பையனுக்கு ஐந்து வயது. என்ன அளவு? (கொழும்பு)

அகலம் 8 அல்லது 9 செ.மீ., எலாஸ்டிக் பட்டி, பின்னால் இழுத்தால் தானே விடுபடும் கொக்கி. முடிச்சுப் போட்ட எலாஸ்டிக் வேண்டாம், ஓடும் பிள்ளை எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். ஆலய வாசலில் போடுங்கள், வீட்டிலேயே போட்டால் காரில் கழற்றி எறிந்துவிடுவான்.

பந்தியில் குழம்பு தெறித்துவிட்டது. பட்டு போ டை. துவைக்கலாமா? (சேலம்)

தண்ணீர் தொடாதீர்கள், தேய்க்கவும் கூடாது. உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் மேல் முகப்பவுடரைத் தூவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மென்மையான பிரஷால் தட்டிவிட்டு, மஞ்சள் மிச்சமிருந்தால் டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். என்ன கறை என்று சொல்லிக் கொடுங்கள். கையால் கட்டும் டை என்றால் முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.