பழைய மினி டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மினி டிராக்டர் பற்றிய கேள்விகள்தான் இந்த முறை அதிகம். எழுதியவர்களில் பலர் பேட்டரி, செல்ஃப் மோட்டார், டீசலைத் தெளிக்கும் நாசில் என்று ஏற்கெனவே பணத்தைக் கொட்டிவிட்டு எழுதுகிறார்கள். படிக்கவே வருத்தமாக இருக்கிறது. டீசல் இன்ஜின் கிளம்ப மூன்று வேண்டும்: போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் உள்ளே போக வேண்டும், அந்த டீசல் பற்றும் அளவுக்குக் காற்று அழுத்தப்பட்டுச் சூடாக வேண்டும். சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது, சைலன்சரில் என்ன புகை வருகிறது என்று முதலில் கவனியுங்கள். மூன்றில் எது குறைகிறது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். பார்ட்ஸ் வாங்குவதெல்லாம் அதற்கு அப்புறம்.

மூன்று சிலிண்டர் வண்டி. சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். புது பேட்டரி மாட்டியும் அப்படியே இருக்கிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா? (தாராபுரம்)

இப்போதைக்கு வேண்டாம். ‘டக்’ சத்தம் வந்தாலே சாவியிலிருந்து சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) வரை கரண்ட் போகிறது என்று அர்த்தம். மோட்டாரைச் சுற்ற வைக்கும் பெரிய கரண்ட்தான் வழியில் எங்கோ நிற்கிறது. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும், எங்கே நிற்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போடுங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஒருவரை சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொல்லி, மீட்டரைப் பாருங்கள். வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது மோட்டாரோ இன்ஜினோ இறுகியிருக்கிறது. ‘டக்’ என்ற பிறகும் 12-க்கு மேலேயே நின்றால் கரண்ட் பேட்டரியை விட்டு வெளியே போகவே இல்லை. உங்கள் வண்டியில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து எர்த். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் வைக்காதீர்கள். மறுமுனை இன்ஜின் பிளாக்கில். சாவி திருப்பும்போது அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். இரண்டு, மூன்று வோல்ட் காட்டினால் கோளாறு எர்த் கேபிளில்தான். விற்பதற்கு முன் வண்டிக்குப் பெயின்ட் அடித்திருப்பார்கள் அல்லவா, அந்தப் பெயின்ட் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் போயிருக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக மின்னும், கழற்றினால் கேபிள் முனையிலுள்ள லக்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு படலம். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பாசிட்டிவ் குமிழிலிருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரை இதே சோதனையைச் செய்யுங்கள். யாராவது இடையில் மெல்லிய கேபிள் போட்டிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் சோலினாய்டின் செம்புக் கான்டாக்ட், கார்பன் பிரஷ் மட்டும் மாற்றினாலே பல மோட்டார்கள் ஓடிவிடும். கழற்றுவதற்கு முன் ஒன்று: சாவியை எடுத்துவிட்டு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பிப் பாருங்கள். அசையவே இல்லையென்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். பலவந்தம் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

டீசல் தீர்ந்து நின்றது. ஊற்றிய பிறகு செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. ஏர் எடுத்தால், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினால் ஓடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே தொல்லை. (கம்பம்)

சுற்றும்போது சைலன்சரில் புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. முதலில் இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா பாருங்கள். ஸ்டாப் சோலினாய்டு உள்ள வண்டி என்றால் சாவி போட்டதும் பம்ப் பக்கம் ‘டிக்’ கேட்கிறதா கவனியுங்கள். கேட்காவிட்டால் அந்த ஒயரை எலி கடித்திருக்கலாம்.

ஏர் எடுப்பதற்கு வரிசை உண்டு. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றி, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை கை பம்பை அடியுங்கள். அதை முடுக்கிவிட்டு டீசல் பம்ப் ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் முடுக்குங்கள். அந்த இடத்தில் விரலை வைக்கவே வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஆபரேஷன் வரை இழுக்கும்.

மறுநாளும் ஏர் பிடிக்கிறது என்றால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. வெளியே ஒரு சொட்டு டீசல் ஒழுகாமலே காற்று உள்ளே போக முடியும், அதனால்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ், ஃபில்டர் கப்பின் ஓ-ரிங், திரும்பத் திரும்பப் போட்ட செம்பு வாஷர், நாசில்களுக்கு மேல் ஓடும் சின்ன ரிட்டர்ன் ஹோஸ் ஆகிய நான்கையும் பாருங்கள். பம்புக்கு முன்னால் தற்காலிகமாக கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஒரு துண்டு மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணில் தெரியும். ஹோஸ் மாற்றும்போது டீசலுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூப் டீசலில் ஊறித் தளர்ந்துவிடும்.

காலையில் வெள்ளைப் புகையாகத் தள்ளுகிறது, நெடுநேரம் கழித்துத்தான் பிடிக்கிறது. ஸ்டார்ட் ஆக வைக்கும் ஈதர் ஸ்பிரே அடிக்கலாமா? (கோத்தகிரி)

அடிக்காதீர்கள். குபோட்டா போன்ற பல சிறு இன்ஜின்களில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழுவதில்லை, பக்கத்து அறையில் விழுந்து பற்றும். அந்த அறையைச் சூடாக்கத்தான் ஹீட்டர் பிளக். சூடான பிளக்கில் ஈதர் ஸ்பிரே பட்டால் பிஸ்டன் மேலே வந்து சேருமுன்பே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டனும் போகும். பெட்ரோல் நனைத்த துணியை ஏர் ஃபில்டரில் வைப்பதும் இதே ஆபத்துதான்.

வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல், அதாவது டீசல் வருகிறது, சூடு போதவில்லை. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் ஓம்ஸில் பாருங்கள். நல்ல பிளக் ஒரு ஓம் அளவில் காட்டும், செத்த பிளக்கில் மீட்டர் அசையாது. உங்கள் ஊர்க் குளிரில் ஒன்று செத்தாலே வண்டி உதறும். பிளக் எல்லாம் நன்றாக இருந்து, பத்து விநாடி ஹீட் கொடுத்தும் புகைகிறது என்றால் நாசிலையும் கம்ப்ரஷனையும் செக் செய்யச் சொல்லுங்கள்.

சாவி போட்டால் சத்தமே இல்லை. ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபில் ஷார்ட் செய்தால் ஓடுகிறது. இப்படியே ஓட்டலாமா? (மணப்பாறை)

தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். கீழே நின்று ஷார்ட் செய்யும்போது கியர் விழுந்திருந்தால் பின் சக்கரம் உங்கள் மேல்தான் ஏறும். டிராக்டரில் ஆள் சாகும் வழிகளில் இதுவும் ஒன்று. உங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது. கோளாறு கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், பி.டி.ஓ (ரொட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் தண்டு) ஸ்விட்ச், ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் இவற்றில் ஏதோ ஒன்றில். எதுவும் பெரிய செலவில்லை. ஸ்விட்சை நேரடியாக இணைத்துவிடலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. ரொட்டவேட்டர் ஓட்டி நிறுத்தினால் ஆறும்வரை கிளம்பாது. (சத்தியமங்கலம்)

சூட்டில் செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் டீசல் பம்பின் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் உள்பாகம்) மேல் சந்தேகம் வரும். சூட்டில் டீசல் நீர்த்துவிடும், தேய்ந்த எலிமென்ட்டில் அழுத்தம் ஏறாமல் பின்னால் கசியும். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பார்ப்பதுதான் சரி. ஆற வைக்கிறேன் என்று பம்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள், எலிமென்ட் பிடித்துக்கொள்ளும்.

வாங்கப் போகிறேன். ஸ்டார்ட்டிங்கில் என்ன பார்க்க வேண்டும்? (நாமக்கல்)

காலையில் சொல்லாமல் போங்கள். சாவி போடுமுன் இன்ஜின் பிளாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் ஏற வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று வரக்கூடாது, வந்தால் ரிங் தேய்ந்த வண்டி. டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் எங்கோ டீசல் ஆயிலில் இறங்குகிறது. ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அட்வான்ஸ் கொடுக்குமுன் என்.ஓ.சி.யும் (கடன் கொடுத்தவரின் ஆட்சேபணையில்லாச் சான்று) கடன் பதிவை நீக்கும் ஃபாரம் 35-உம் கையில் வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் விற்பவர் கையெழுத்தையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.