தண்ணீரிலிருந்து எளிதாக ஏற ஏணி எப்படி இருக்க வேண்டும்?

மிதக்கும் மேடையிலிருந்து இறங்குவது எளிது, ஏறுவதுதான் பெரும்பாடு, ஏணியை எப்படி அமைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அடிப்படியைப் பாருங்கள். அது நீர்மட்டத்துக்குக் கீழே 60 செ.மீ. ஆழத்திலாவது இருக்கட்டும். இல்லையென்றால் முழங்காலை நெஞ்சுவரை மடக்க வேண்டியிருக்கும். நீருக்குள் உடம்பு லேசாக இருக்கும். இடுப்பு வெளியே வந்ததும் எடை முழுவதும் கைகால்களில் இறங்கும். செங்குத்தான ஏணி என்றால் கால்கள் மேடைக்கு அடியில் போய்விடும், உடம்பு பின்பக்கம் தொங்கும். கொஞ்சம் சாய்வு கொடுங்கள். உருண்டைக் குழாய்ப் படி வெறுங்காலை அறுக்கும். அகலமான, சொரசொரப்பான தட்டைப்படிதான் நல்லது. அப்புறம் கைப்பிடி. பலர் மறப்பது இதைத்தான். மேல்படியில் நிற்கும்போதும் பிடித்துக்கொள்ள, மேடைக்கு மேலே இடுப்பளவு நீட்டி வையுங்கள்.