பயிற்சி அளித்தால் மருத்துவமனைகளில் மருந்து எழுதும் பிழைகள் குறையுமா?

குறையும். ஆனால் அரங்கில் கூட்டிவைத்து நடத்தும் வகுப்பைவிட, மருத்துவர் தாம் எழுதிய மருந்து அட்டையை வைத்துக்கொண்டே வார்டில் கற்பதுதான் பயன் தரும் என்பது, இங்கிலாந்தில் மருத்துவமனை மருந்தாளுநராகப் பணிபுரியும் என் கருத்து.

இந்நாட்டுப் பொது மருத்துவக் கவுன்சிலுக்காக நடத்தப்பட்டு 2009-இல் வெளிவந்த ஈக்விப் ஆய்வில், வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் 1,24,260 மருந்து ஆணைகள் சரிபார்க்கப்பட்டு, 11,077 பிழைகள் கண்டறியப்பட்டன. முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களின் பிழை விகிதம் 8.4 சதவீதம், ஓராண்டு அனுபவம் பெற்றுவிட்ட இரண்டாமாண்டினருடையதோ 10.3 சதவீதம், மூத்த மருத்துவர்களுடையதுகூட 5.9 சதவீதம். பாடம் தெரியாததுதான் காரணமென்றால் ஓராண்டு கழித்து விகிதம் ஏறியிருக்காது. இரவுப் பணி, அறிமுகமில்லாத நோயாளி, இடையில் வரும் அழைப்பு, 'தவறிருந்தால் மருந்தாளுநர் பிடித்துவிடுவார்' என்ற நம்பிக்கை ஆகிய அனைத்தும் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்த நம்பிக்கை பொய்யுமல்ல. பெரும்பாலான பிழைகள் நோயாளியை எட்டுமுன்பே திருத்தப்பட்டுவிட்டன. சிக்கலும் அங்கேதான்: நாங்கள் ஓசையின்றித் திருத்திவிட்டுப் போவதால், எழுதியவருக்குத் தாம் தவறியதே தெரிவதில்லை.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து யூனிட் என்பதற்கு 10 என்ற எண்ணை ஒட்டி 'யூ' என்ற ஆங்கில எழுத்தை அவசரமாகக் கிறுக்கினால், அது இன்னொரு சுழியமாகத் தெரிந்து 100 என்று வாசிக்கப்படும். 'யூனிட்' என்பதை எப்போதும் முழுமையாக எழுத வேண்டும், இன்சுலினைக் கையாளும் அனைவருக்கும் பயிற்சி வேண்டும் என்று தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை 2010-இல் அறிவுறுத்தியது. இந்த விதியை வகுப்பில் கேட்டுத் தலையாட்டியவரே அன்றிரவு சுருக்கி எழுதுவார். மறுநாள் அவருடைய கையெழுத்தையே அவர் முன் வைத்து, "டாக்டர், இதை நீங்களே ஒருமுறை வாசித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

2014 முதல் இங்கு இறுதியாண்டு மாணவர்களுக்கு மருந்து எழுதும் பாதுகாப்புத் தேர்வு நடத்தப்படுகிறது. டோஸ் கணக்கிடுதல், அட்டையில் உள்ள முரண்களைக் கண்டுபிடித்தல் போன்றவை அதில் வருவதால் அதை வரவேற்கிறேன். ஆயினும் தேர்வு அறையில் யாரும் இடையில் வந்து வேறு வேலை சொல்வதில்லை.

நீங்கள் மருத்துவமனை நிர்வாகத்தில் இருப்பவரானால், புதிய வகுப்புக்குச் செலவிடுமுன், ஒவ்வொரு வார்டிலும் மருந்தாளுநர் வாரந்தோறும் சிறிது நேரம் இளநிலை மருத்துவர்களுடன் அமர்ந்து, அவ்வாரம் திருத்தியவற்றைக் குறைகூறும் தொனியின்றிக் காட்டுவதற்குப் பணி அட்டவணையிலேயே இடம் ஒதுக்குங்கள்; சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திணித்தால் இரண்டாவது வாரமே யாரும் வரமாட்டார்கள்.