அலமாரி ஏன் நிமிரவில்லை?

கேள்வி: சிங்கப்பூரின் பொங்கோலில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஜோகூரில் சொல்லிச் செய்த அலமாரி 240 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம். ஃபால்ஸ் சீலிங் போட்ட பிறகு அறையின் உயரம் 245. படுக்கவைத்து உள்ளே கொண்டுவந்தாயிற்று, ஆனால் நிமிர்த்தும்போது மூலை மேலே இடிக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்யுள் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன், 240 என்றுதான் வந்தது. எங்கே தப்பு, ஐயா?

பதில்: உங்கள் கூட்டலில் தப்பில்லை, செய்யுளில்தான். போதையனார் என்ற புலவர் பாடியது என்று சொல்லி எனக்கும் அடிக்கடி வருகிறது, கூடவே ‘பிதாகரசுக்கு முன்பே தமிழன்’ என்று ஒரு வரியும். நீளத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர், கர்ணம் (மூலைக்கு மூலை அளவு) வந்துவிடும் என்கிறது. வர்க்கமூலமே வேண்டாம், ஆசையாகத்தான் இருக்கிறது. 4, 3 போட்டால் 3.5 + 1.5 = 5. 12, 5 போட்டால் 13. இரண்டும் அச்சுப் பிசகாமல் வருவதால் மூன்றாவதாக ஒன்றைப் போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

உங்கள் அலமாரியைப் போடுங்கள், செய்யுளின் நீளத்துக்கு 240, உயரத்துக்கு 60: 210 + 30 = 240. கர்ணம் நெடிய பக்கத்தைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும், இங்கே இரண்டும் ஒன்றாக நிற்கிறதே! ஆழம் 40 என்றால் 230 வரும், அதாவது மூலைக்கு மூலை அளவு அலமாரியின் உயரத்தைவிடக் குறைவாம்.

உயர்நிலை இரண்டில் படித்த பிதாகரசு கணக்குப்படி இரண்டு பக்கத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் 57,600 + 3,600 = 61,200, கைப்பேசியில் வர்க்கமூலம் தட்டினால் 247.4. அலமாரி எழும்போது ஒரு கணம் அந்தக் கர்ணம் செங்குத்தாக நிற்கும், அந்தக் கணத்துக்கு உங்கள் அறையில் 2.4 செ.மீ. பற்றவில்லை. உங்கள் அளவுக்குச் செய்யுளின் பிசகு நூற்றுக்கு மூன்றுதான், கொட்டகைக்கு மூங்கில் வெட்ட அது போதும், சீலிங்குக்குப் போதாது. (இதற்குத் திட்டிக் கடிதம் வரும், வரட்டும்.)

சரி, இப்போது என்ன செய்வது? அடிப்பீடம் தனியாகக் கழலுமா பாருங்கள். 10 செ.மீ. பீடம் கழன்றால் 230-க்கு 237.7 தான், தாராளமாக நிமிரும், அப்புறம் தூக்கிப் பீடத்தில் வைத்துக்கொள்ளலாம். கழலாது என்றால் பிரித்து, பலகை பலகையாக நிமிர்த்திப் பூட்டச் சொல்லுங்கள், 2 செ.மீ. கனமுள்ள பலகை எழும்போது 240-ஐத் தாண்டுவது மயிரிழை அளவுதான். இனி ஆர்டர் கொடுப்பவர்களுக்கு: இதே அறை, இதே ஆழம் என்றால் 237.5 தான் எல்லை, நானாக இருந்தால் 235-க்கு மேல் போகமாட்டேன்.

கேள்வி: 55 அங்குல டிவி என்றால் 140 செ.மீ. ஆயிற்றே, என் கேபினட்டில் 125 செ.மீ. இடம்தான் இருக்கிறது. ஆசையை விட்டுவிடவா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: வாங்குங்கள். அந்த 55 மூலைக்கு மூலை அளவு. திரை 16-க்கு 9 என்ற கணக்கில் இருப்பதால் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ., உயரம் 68.5. ஓரச்சட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. சேர்த்தாலும் நுழைந்துவிடும். கால் இரண்டும் திரைக்கு வெளியே விரிந்து நிற்கும் மாடலா என்று மட்டும் கடையிலேயே அளந்து பாருங்கள்.