பவுடர் வாங்குமுன்

கேள்வி: மகனுக்கு 16 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறான். 50 கிலோதான் இருக்கிறான். புரோட்டீன் பவுடர் தரலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம். அவனுக்குக் குறைவது சாப்பாடு. மேடு ஏறி இறங்கி, மாலையில் பயிற்சியும் செய்கிற பையனுக்கு மூன்று வேளை போதாது. தினமும் 400–500 கலோரி கூட்டுங்கள்: 250 மி.லி. பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. பயிற்சி முடிந்த கையோடு கொடுத்தால் நல்லது.

நாளுக்கு 75–80 கிராம் புரதம் போதும். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16. மீதியை அவரைக்கொட்டை, பருப்பு, கறி, சோறு பார்த்துக்கொள்ளும்.

காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டீதான். குளிருக்கு நாலைந்து தடவை குடித்தால் பசி மந்தித்துவிடும். சாப்பாட்டோடு குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். (தேயிலை ஊரில் இதைச் சொல்வது பாவம்தான்!)

தின்றால் மட்டும் தசை வராது. வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி. ஒவ்வொன்றும் 10 வீதம் மூன்று சுற்று. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

மாதம் ஒரு கிலோ ஏறினால் போதும், அவசரப்பட்டால் தொப்பைதான். இரண்டு மாதமாகியும் முள் நகரவில்லை, களைப்பும் இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள்.