மனிதன் பிறவியிலேயே பாவி என்றால், கிறிஸ்தவம் அவனிடம் ஒழுக்கத்தை எப்படி எதிர்பார்க்கிறது?

பாவத்திலிருந்து கதையைத் தொடங்கினால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். வேதாகமம் அங்கே தொடங்கவில்லை. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்பது தொடக்க நூலின் முதலாம் அதிகாரத்திலேயே வந்துவிடுகிறது. விலக்கப்பட்ட கனியை மனிதன் உண்பது மூன்றாம் அதிகாரத்தில்தான். திருகோணமலையில் கத்தோலிக்கனாக வளர்ந்த எனக்கு இந்த ஒழுங்குதான் எல்லாம்.

முதல் மனிதனின் பாவம் பிறப்போடு எல்லோரையும் தொடர்கிறது என்கிற சென்மப்பாவப் போதனைக்கு மேற்கில் அழுத்தமான வடிவம் கொடுத்தவர் புனித அகுஸ்தீன் (354–430). சொந்த முயற்சியாலேயே பாவமில்லாமல் வாழலாம் என்ற பெலாஜியுசுக்கு எதிராக, இறையருள் இல்லாமல் முடியாது என்று நின்றார். அதில் நான் அவர் பக்கம். ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைக்கும், இலேசாகவேனும், தண்டனை உண்டென்றாரே, அதை என் மனம் ஏற்காது. திருச்சபையும் இன்று அந்தக் குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடமே ஒப்படைக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ், பாவம் மனித இயல்பைக் காயப்படுத்தியதே தவிர அழிக்கவில்லை என்றார். ஆகவே நன்மை தீமையை அறிவால் உணர எவருக்கும் முடியும். கோணேசர் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற அயலவர்களோடு வாழ்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

நடைமுறையில் பார்க்க வேண்டுமென்றால், ஞாயிறு பூசை முடிந்து காணிக்கை எண்ணும்போது பாருங்கள். மேசையில் கொட்டி, கசங்கிய 20 ரூபாய்த் தாள்களை நீவி அடுக்கி, குற்றிகளை வேறாக்குவார்கள். யாரையும் தனியே எண்ண விடமாட்டார்கள். ஓய்வுபெற்ற அதிபரென்றாலும் பக்கத்தில் இன்னொருவர் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். யாரும் அதை அவமதிப்பாக எடுப்பதில்லை. நல்ல மனிதரும் சறுக்கலாம் என்று நம்புகிற சமூகம் அப்படித்தான் கணக்கு வைக்கும்.

பாவம் மனித இயல்பை அழிப்பதில்லை என்ற அதே போதனைதான் கெட்டவனையும் காக்கிறது. மிகப் பெரிய குற்றம் செய்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை, ஆகவே மரண தண்டனையை ஏற்க முடியாது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2018இல் திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூலையே திருத்தினார். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆனாலும் ஒரு கொடூரக் கொலை நடந்தால் போதும், தூக்கு வேண்டும் என்ற குரல் எழும்புகிறது, பூசைக்கு வருகிறவர்களிடமிருந்தும்தான். பறிகொடுத்த குடும்பத்தின் கோபம் எனக்கு விளங்குகிறது, குற்றவாளி ஆயுளுக்கும் சிறையில் இருக்கட்டும். அவனைக் கொல்லக் கேட்கும் உரிமை மட்டும் கிறிஸ்தவனுக்கு இல்லை.